இடுப்புக்குப் புது மூட்டு தந்த டாக்டர் சார்ன்லி

கிரீச்... கிரீச்...

இங்கிலாந்து நாட்டில் ஒரு மனிதர். அவர் மேஜை முன் உட்கார்ந்து சற்று முன்னால் குனிந்தால் போதும். உடனே இந்தச் சத்தம் கேட்கும்.

நாற்காலி ஆடிய சத்தம் அல்ல. எண்ணெய் காணாத கதவின் சத்தமும் அல்ல. அந்த மனிதருடைய இடுப்புக்குள் இருந்து அந்தச் சத்தம் வந்தது!

அவருடைய மனைவியால் அதைச் சகிக்க முடியவில்லை. நாளடைவில் கணவர் பக்கத்தில் இருப்பதையே தவிர்க்கத் தொடங்கினார்.

கணவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. அதற்காக ஆபரேஷன் செய்து, தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தலை ஒன்றை வைத்திருந்தார்கள். பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த ஜூதே சகோதரர்கள் 1946-ம் ஆண்டில் கொண்டு வந்த முறை அது. அந்தப் பிளாஸ்டிக் தலைதான் கிரீச்சிட்டது.

இந்த மனிதர் டாக்டர் ஜான் சார்ன்லியிடம் வந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் சிரித்திருப்பார். சார்ன்லி சிரிக்கவில்லை. சத்தம் ஏன் வருகிறது என்று யோசித்தார். உரசல் இருக்கும் இடத்தில்தான் சத்தம் வரும். உரசல் இருந்தால் இழுப்பு இருக்கும். பந்து திரும்பும்போதெல்லாம் அது தன் காம்பையும் சேர்த்து இழுக்கும். இழுத்து இழுத்து, ஒரு நாள் காம்பு ஆட்டம் கண்டுவிடும்.

இந்த ஒரு சத்தம் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. இடுப்பில் வைக்கும் செயற்கை மூட்டு ஆட்டம் காணாமல் இருக்க என்ன வழி? இந்தக் கேள்விக்கு விடை தேடியே தம் மீதி நாட்களைச் செலவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் மகன்

ஜான் சார்ன்லி 1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந்தேதி பிறந்தார். இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள பெரி என்பது அவருடைய ஊர். சுற்றிலும் பஞ்சாலைகள் நிறைந்த சீமை அது.

தந்தை அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். தாயார் நர்சு வேலைக்குப் படித்தவர். ஜானுக்கு மேரி என்று ஒரு தங்கை.

ஜான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார். 1929-ம் ஆண்டில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 25-வது வயதில், ரண சிகிச்சை நிபுணர்களுக்கு உரிய எப்.ஆர்.சி.எஸ். பட்டமும் கிடைத்தது.

இரண்டாவது உலகப் போர் வந்தது. 1940-ல் ராணுவ வைத்தியப் படையில் சேர்ந்தார். எகிப்து நாட்டில் கெய்ரோ நகரத்தில் பணிபுரிந்தார். எலும்பு முறிந்த சிப்பாய்களுக்குக் கட்டுகளும் தாங்கு கட்டைகளும் செய்யும் பட்டறை அங்கே இருந்தது. கையில் கத்தி பிடித்த டாக்டர், சுத்தியலும் ரம்பமும் பிடிக்கப் பழகினார். இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

தன் காலையே வெட்டச் சொன்னார்!

போர் முடிந்தது. ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரில் உள்ள எலும்பு ஆஸ்பத்திரியில் சில மாதம் வேலை பார்த்தார்.

அங்கே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓர் இடத்திலிருந்து எலும்புத் துண்டை எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தால், அது எப்படி வளர்ந்து ஒட்டுகிறது?

இதை யாரிடம் சோதித்துப் பார்ப்பது? தம்மிடமே சோதித்துக்கொள்ளத் துணிந்தார். சக டாக்டர் ஒருவரை வற்புறுத்தி, தம் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் ஆபரேஷன் செய்யச் சொன்னார்.

காயம் சீழ் பிடித்தது! எலும்புக்குள் நச்சுக் கிருமி புகுந்துவிட்டது. மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது.

எலும்பில் கிருமி புகுந்தால் என்ன பாடுபடவேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். சார்ன்லி அதைத் தம் காலில் அனுபவித்தார்.

1947-ம் ஆண்டில் மான்செஸ்டர் அரச ஆஸ்பத்திரியில் நிபுணர் பதவி கிடைத்தது. 1950-ல், முறிந்த எலும்பை ஆபரேஷன் இல்லாமல் கட்டிக் குணப்படுத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது உலகம் எங்கும் பரவியது. இந்தச் சமயத்தில்தான் கிரீச்சிடும் இடுப்பு அவரைத் தேடி வந்தது.

ஆட்டுக்கல்லும் குழவியும்

இடுப்பு மூட்டு எப்படி வேலை செய்கிறது?

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் ஒரு குழி. குழிக்குள் குழவி சுழல்கிறது. இடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான். இடுப்பு எலும்பில் கிண்ணம் போல ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற தலை இருக்கிறது. பந்து குழிக்குள் எந்தப் பக்கமும் திரும்பும்.

ஆனால் ஆட்டுக்கல்லில் கல்லும் கல்லும் உரசும். இடுப்பில் எலும்பும் எலும்பும் உரசுவது இல்லை. இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அந்த வழுவழுப்பைச் சார்ன்லி அளந்து பார்த்தார். பனிக்கட்டி மீது சறுக்குச் செருப்பு ஓடுவதைப் போல் அவ்வளவு லேசாக மூட்டு நழுவியது!

மூட்டு வாதம் வந்தால் குருத்தெலும்பு தேய்ந்துவிடும். எலும்பும் எலும்பும் உரசும். நடந்தால் வலி. உட்கார்ந்தால் வலி. இரவில் புரண்டு படுத்தாலும் வலி.

செயற்கை மூட்டு வைக்கும் ஆசை அன்று புதிது அல்ல. 1891-ம் ஆண்டிலேயே பெர்லின் நகரத்து டாக்டர் குளுக், யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பார்த்தார். பின்னால் வந்தவர்கள் இரும்பில் செய்து, திருகாணி போட்டு முடுக்கினார்கள். எல்லாம் முதலில் நன்றாகவே இருந்தன. பிறகு ஆட்டம் கண்டன.

காரணம் எளிது. எலும்பு மரக்கட்டை அல்ல. உயிர் உள்ள பொருள். ஆணியின் முனை ஒரே இடத்தில் அழுத்தினால் அந்த இடத்து எலும்பு கரைந்து விலகிவிடும். மனிதன் ஓர் ஆண்டில் ஒவ்வொரு காலாலும் சுமார் 10 லட்சம் அடி எடுத்து வைக்கிறான். ஒவ்வோர் அடியிலும் இடுப்பு மூட்டின் மீது, உடம்பின் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. எந்த ஆணி இதைத் தாங்கும்?

பல் டாக்டரின் யோசனை

சார்ன்லிக்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று, மூட்டை எலும்போடு பிடித்து நிறுத்தும் பொருள். இன்னொன்று, உரசாமல் வழுக்கும் பொருள்.

முதல் பொருள் பல் வைத்தியத்தில் இருந்து கிடைத்தது. மான்செஸ்டரில் பல் வைத்தியப் பொருள்களை ஆராய்ந்து வந்த டென்னிஸ் சுமித் என்ற விஞ்ஞானி வழி காட்டினார். பொய்ப்பல் கட்டப் பயன்படும் அக்ரிலிக் என்ற பொருளைப் பயன்படுத்திப் பார்க்கும்படி யோசனை சொன்னார்.

அது ஒரு பொடி. அதோடு ஒரு திரவத்தைக் கலந்தால் சில நிமிடத்தில் பிசைந்த மாவு போல ஆகும். சுமார் 10 நிமிடத்தில் சூடேறி, கல்லாக இறுகிவிடும். இதைத்தான் டாக்டர்கள் எலும்புச் சிமெண்டு என்கிறார்கள். வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

1958-ம் ஆண்டில் சார்ன்லி இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். தொடை எலும்பின் உட்குழலைச் சுத்தம் செய்வார். மாவுப் பதத்தில் சிமெண்டை உள்ளே திணித்து, கட்டைவிரலால் அழுத்துவார். அது இறுகுவதற்கு முன், இரும்புப் பந்தின் காம்பை உள்ளே இறக்குவார்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். இந்தச் சிமெண்டு பசை அல்ல. அது எலும்போடு ஒட்டுவதே இல்லை!

பிறகு எப்படிப் பிடிக்கிறது? அரிவாளுக்குப் பிடி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரப்பிடியின் துளைக்குள் அரக்கை உருக்கி விட்டு, காம்பை இறக்குவார்கள். அரக்கு துளையின் இண்டு இடுக்கெல்லாம் நிறைந்து இறுகிவிடும். காம்பு அசையாது. எலும்பின் உட்புறமும் தேன்கூடு போலச் சிறுசிறு துளைகள் உள்ளது. சிமெண்டு அந்தத் துளைகளில் புகுந்து இறுகி, பல்லோடு பல் பொருத்தியது போலப் பிடித்துக்கொள்ளும்.

இதனால் இன்னொரு லாபம். ஆணியைப் போல ஒரே இடத்தில் பாரம் இறங்காது. சிமெண்டு படும் இடம் முழுவதும் பாரம் பரவும். எலும்பு கரைவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

1960-ம் ஆண்டில் இந்த முறையைச் சார்ன்லி வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்.

சிறிய பந்தின் ரகசியம்

அடுத்து வழுக்கும் பொருள். இரும்புப் பந்து சுழல்வதற்கு ஒரு கிண்ணம் வேண்டும். சார்ன்லி டெஃப்ளான் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார். அதைவிட வழுவழுப்பான திடப்பொருள் அந்நாளில் கிடைக்கவில்லை.

பந்தின் அளவையும் மாற்றினார். இயற்கைப் பந்து பெரியது. அதே அளவில்தான் முதலில் செய்தார். பிறகு படிப்படியாகக் குறைத்து, சுமார் 22 மில்லி மீட்டரில் நிறுத்தினார். ஒரு பெரிய கோலிக்குண்டு அளவு!

ஏன் இப்படி? பெரிய பந்து சுழன்றால் கிண்ணத்தையும் பலமாக முறுக்கும். சிறிய பந்து முறுக்கும் பலம் குறைவு. முறுக்கு குறைந்தால் கிண்ணம் எலும்பை விட்டுப் பெயராது. கிரீச்சிட்ட இடுப்பு கற்றுத் தந்த பாடம் இது.

ரைட்டிங்டன் என்ற இடத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. புது மருந்துகள் வந்ததால் காசநோய் குறைந்து, படுக்கைகள் காலியாக இருந்தன. பட்டணத்துப் பெரிய பதவியை விட்டுவிட்டு, சார்ன்லி அங்கே குடியேறினார் என்றே சொல்லலாம். இடுப்பு ஆபரேஷனுக்கு என்றே தனிப் பிரிவு ஏற்படுத்தினார். ஆராய்ச்சிக்கூடமும் பட்டறையும் வைத்தார். வீட்டிலும் கடைசல் இயந்திரம் வாங்கி வைத்து, தாமே கிண்ணங்களைக் கடைந்தார்.

இதற்கிடையில் 1957-ம் ஆண்டில், தமது 45-வது வயதில், ஜில் என்ற பெண்மணியை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வலி இல்லாமல் நடந்தார்கள். ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி!

இடி விழுந்தது

மகிழ்ச்சி நீடிக்கவில்லை.

இரண்டு மூன்று ஆண்டு சென்றதும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மறுபடியும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார் சார்ன்லி. இரும்புப் பந்து டெஃப்ளான் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போயிருந்தது!

அதுமட்டும் அல்ல. திறந்து பார்த்தபோது மூட்டைச் சுற்றிலும் தயிர்க்கட்டி போன்ற ஒரு பொருள் சேர்ந்திருந்தது. கிண்ணம் தேய்ந்து விழுந்த தூள் அது. அந்தத் தூள் சேர்ந்த இடத்தில் நல்ல எலும்பும் அரித்துப் போயிருந்தது. சிமெண்டின் பிடி தளர்ந்திருந்தது.

டெஃப்ளான் கிண்ணம் வைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 300 பேர். எல்லோரும் சார்ன்லியை நம்பி வந்தவர்கள்.

இப்படி ஒரு நிலை வந்தால் சிலர் காரணத்தை வேறு யார் மீதாவது போடுவார்கள். சிலர் வாய் திறக்க மாட்டார்கள். சார்ன்லி அப்படிச் செய்யவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்தார். கெட்டுப்போன கிண்ணங்களை எடுத்தார். தாம் தேர்ந்தெடுத்த பொருள் தவறு என்பதை வைத்தியப் பத்திரிகையிலேயே வெளியிட்டார்.

அத்தோடு நிற்கவில்லை. டெஃப்ளான் தூள் சதைக்குள் என்ன செய்கிறது என்று அறிய வேண்டும். இந்த முறையும் தம் உடம்பையே கொடுத்தார். டெஃப்ளானைப் பொடியாக்கி, தம் தொடைக்குள் செலுத்திக்கொண்டார்!

தறிச் சக்கரத்தில் கிடைத்த புதையல்

1962-ம் ஆண்டு மே மாதம். ரைட்டிங்டன் பட்டறைக்கு ஒரு வியாபாரி வந்தார். லங்காஷயர் நெசவாலைத் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்பவர் அவர். பாலி எதிலீன் வகையைச் சேர்ந்த, மிகவும் கெட்டியான ஒரு பிளாஸ்டிக்கைக் காட்டினார். ஜெர்மனியில் செய்தது.

பட்டறையில் ஹாரி கிரேவன் என்ற வாலிபர் இருந்தார். சார்ன்லிக்குக் கருவிகள் செய்து கொடுப்பவர். தேய்மானத்தைச் சோதிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவரும் அவர்தான். புதிய பிளாஸ்டிக்கைச் சார்ன்லியிடம் காட்டினார்.

சார்ன்லி அதில் கட்டைவிரல் நகத்தைப் பதித்துப் பார்த்தார். வீண் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு மாநாட்டுக்காக டென்மார்க் நாட்டுக்குப் பயணமானார்.

கிரேவன் விடவில்லை. சார்ன்லி ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அந்தத் துண்டை இயந்திரத்தில் மாட்டினார். இரவும் பகலும் இயந்திரம் ஓடியது.

சார்ன்லி திரும்பி வந்தார். கிரேவன் அவரை இயந்திரத்தின் அருகில் அழைத்துப் போனார். டெஃப்ளான் ஒரே நாளில் தேயும் அளவுகூட, இந்தப் பிளாஸ்டிக் மூன்று வாரத்தில் தேயவில்லை!

நகத்தால் கீறிப் பார்த்து எறிந்த பொருள்தான் தாம் தேடிய பொருள் என்பதைச் சார்ன்லி கண்டார். தம் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை.

ஆனால் இந்த முறை அவசரப்படவும் இல்லை. புதிய பிளாஸ்டிக்கின் பொடியையும் தம் தொடைக்குள் செலுத்திப் பார்த்தார். 9 மாதம் சென்றது. டெஃப்ளான் போட்ட இடத்தில் கையால் தொட்டாலே தெரியும்படி கட்டிகள் இருந்தன. புதிய பிளாஸ்டிக் போட்ட இடத்தில் ஒன்றும் இல்லை.

முதல் நோயாளிக்கு 1962 நவம்பரிலேயே புதிய கிண்ணம் வைக்கப்பட்டிருந்தது.

காத்திருந்த டாக்டர்

செய்தி பரவியது. பல நாட்டு டாக்டர்கள் அந்த மூட்டைக் கேட்டார்கள். விற்றால் பணம் கொட்டும்.

சார்ன்லி மறுத்தார். டெஃப்ளானும் முதல் ஆண்டில் நன்றாகத்தானே இருந்தது? ஐந்தாறு ஆண்டு பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்பது அவர் முடிவு. 1960-ம் ஆண்டுகளின் பிற்பகுதிவரை அவருடைய மூட்டு கடையில் கிடைக்கவில்லை. அதன் பிறகும், ரைட்டிங்டனுக்கு வந்து நேரில் கற்றுக்கொண்ட டாக்டர்களுக்குத்தான் முதலில் கொடுக்கச் செய்தார்.

இந்த இடைவெளியில் இன்னொரு எதிரியோடு போரிட்டார். அதுதான் கிருமி. செயற்கை மூட்டைச் சுற்றிக் கிருமி புகுந்துவிட்டால், எவ்வளவு நல்ல சிமெண்டும் பிடி விட்டுவிடும். ஆரம்ப நாட்களில் 100 ஆபரேஷனில் 7 முதல் 9 வரை சீழ் பிடித்தது. தம் காலில் பட்ட வேதனையை அவர் மறந்துவிடவில்லை.

காற்றில் மிதக்கும் கிருமிகளே காரணம் என்று கருதினார். ஆபரேஷன் அறைக்குள் கண்ணாடிக் கூண்டு போல ஓர் அறை அமைத்தார். வடிகட்டிய சுத்தமான காற்று மேலிருந்து கீழே வீசும்படி செய்தார். டாக்டர்களின் மூச்சுக் காற்றுகூட வெளியேறாதபடி, தலைமுதல் மூடும் உடையை அணிந்தார்கள். 1970-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், சீழ் பிடிப்பது 100-க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இன்னொரு காரியமும் செய்தார். தம்மிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அவர்கள் காலமான பிறகு, அந்த மூட்டை எடுத்து ஆராய அனுமதி கேட்டார். கேட்பதற்குச் சங்கடமான கேள்விதான். ஆனால் பலர் மனமுவந்து சம்மதித்தார்கள். தங்களை நடக்க வைத்தவருக்கு அவர்கள் செய்த கைம்மாறு அது.

அப்படிக் கிடைத்த எலும்புகளை அறுத்துப் பார்த்தார். பல ஆண்டு சென்ற பிறகும் எலும்பும் சிமெண்டும் இறுகப் பொருந்தியிருந்தன. உயிர் உள்ள எலும்பு, உயிர் இல்லாத சிமெண்டோடு சமாதானமாக வாழ்ந்து வந்தது!

பட்டங்கள் தேடி வந்தன. 1974-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1975-ல் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கம் அவரை உறுப்பினர் ஆக்கியது. ரண சிகிச்சை டாக்டருக்கு இது அபூர்வமான கவுரவம். 1977-ல் சர் பட்டம் வந்தது.

1982-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி, மாரடைப்பால் சர் ஜான் சார்ன்லி காலமானார். அப்போது அவருக்கு வயது 70.

சிமெண்டு மீது பழி

சார்ன்லி போன பிறகும் கேள்வி முடியவில்லை. 10, 15 ஆண்டு சென்றதும் சிலருக்கு மூட்டு ஆட்டம் கண்டது. எக்ஸ்ரேயில் சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. சில இடங்களில் எலும்பு கரையான் அரித்த மரம் போல் இருந்தது.

பலர் சிமெண்டைக் குற்றம் சாட்டினார்கள். 1987-ம் ஆண்டில் இதற்குச் சிமெண்டு நோய் என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிமெண்டே இல்லாத மூட்டுகளைச் செய்தார்கள்.

என்ன வேடிக்கை! சிமெண்டு இல்லாத மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு அரித்தது.

பிறகுதான் உண்மை தெளிவாயிற்று. முக்கியக் குற்றவாளி, கிண்ணம் தேய்ந்து விழும் பிளாஸ்டிக் தூள். சார்ன்லியின் புதிய பிளாஸ்டிக் மிக மெதுவாகத் தேய்ந்தது. ஆனாலும் தேய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளை, உடம்பின் காவல்கார அணுக்கள் பகைவன் என்று எண்ணி விழுங்குகின்றன. அதைச் செரிக்க அவற்றால் முடிவதில்லை. அந்தத் தவிப்பில் அவை விடும் சரக்கு, எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரைந்தால் சிமெண்டுக்குப் பிடிமானம் ஏது?

சிமெண்டு போடும் முறையிலும் குறை இருந்தது. எலும்பின் துளைகளில் ரத்தமும் கொழுப்பும் இருந்தால் சிமெண்டு உள்ளே புகாது. ஈரச் சுவரில் சுண்ணாம்பு நிற்காதது போல. ஆகவே பிற்காலத்தில், தண்ணீரைப் பீய்ச்சி எலும்பைக் கழுவினார்கள். குழலின் அடியில் ஓர் அடைப்பான் வைத்தார்கள். துப்பாக்கி போன்ற கருவியால் சிமெண்டை அடியிலிருந்து மேலே நிரப்பி, அழுத்தினார்கள். அதன் பிறகு காம்பின் பக்கம் ஆட்டம் காண்பது வெகுவாகக் குறைந்தது. 1990-ம் ஆண்டுகளின் இறுதியில், இன்னும் குறைவாகத் தேயும்படி பக்குவம் செய்த பிளாஸ்டிக்கும் வந்தது.

அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியில், சார்ன்லி மூட்டு வைத்த 2,000 இடுப்புகளை 25 ஆண்டு கவனித்தார்கள். அந்தக் காலம் முடியும் வரையில், மூட்டை மாற்றாமலோ எடுக்காமலோ நிலைக்கும் வாய்ப்பு 100-க்குச் சுமார் 80 என்று கணக்கிட்டார்கள். ரைட்டிங்டனிலும் அவரோடு பணிபுரிந்தவர்கள், 30 ஆண்டுக்கு மேலும் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள்.

சுவீடன் நாட்டில் 1979-ம் ஆண்டில் இருந்தும், இங்கிலாந்தில் 2003-ம் ஆண்டில் இருந்தும், மூட்டு ஆபரேஷன்களைப் பதிவு செய்து வருகிறார்கள். எந்த மூட்டு நிலைத்தது, எது பெயர்ந்தது என்று கணக்கு வைக்கிறார்கள். நன்றாக இருப்பதை மட்டும் அல்ல, கெட்டுப்போனதையும் எண்ண வேண்டும் என்பதுதான் சார்ன்லி போட்ட பாதை.

வீட்டில் கவனிக்க வேண்டியது

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருக்கலாம். பாட்டி எழுந்து நடக்கும் முதல் சில அடிகளில் தொடையிலோ அடி இடுப்பிலோ வலிக்கிறது என்றால், வயதாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். பிடி தளர்வதன் அறிகுறியாக அது இருக்கலாம். சில சமயம் வலியே இல்லாமலும் எலும்பு அரிக்கும். ஆகவே டாக்டர் வரச்சொன்ன காலத்தில் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நாள் கடத்தினால் எலும்பு குறைந்துபோகும். எலும்பு குறைந்தால் இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்.

நன்றாக நடக்கிறவர் எதற்காக டாக்டரிடம் போக வேண்டும் என்று கேட்கலாம். டெஃப்ளான் வைத்தவர்களில் பலரும் முதல் ஆண்டில் நன்றாகத்தான் நடந்தார்கள். அதைச் சார்ன்லி கடைசிவரை மறக்கவில்லை.